மண்வெட்டி யார் கையில்? கீரை யார் தட்டில்?

பள்ளிக்கூடந்தோறும் காய்கறித் தோட்டம் போட வேண்டும் என்கிறார்கள். இதற்கென்று மத்திய சர்க்கார் 2019-ல் வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. நல்ல யோசனை. நாம் வரவேற்கிறோம். ஆனால், கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கவில்லை!

பள்ளியில் மண்வெட்டி என்றதும் நம் ஜனங்களுக்குப் பழைய கசப்பு ஒன்று நினைவுக்கு வரும். 1953-ல் ராஜாஜி மந்திரிசபை கிராமப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே படிப்பு. மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். பண்ணையாள் மகன் பண்ணையாளாகவே இருக்க வேண்டும் என்பதல்லாமல் இதற்கு வேறென்ன பொருள்? ‘குலக்கல்வி’ என்று நாடு கொதித்தெழுந்தது. 1954-ல் காமராஜ் முதலமைச்சரானதும் அத்திட்டம் ஒழிந்தது.

அப்படியானால் தோட்டமே வேண்டாமா? வேண்டும்! உழைப்பு கேவலமல்ல; உழைப்பை ஒரு சாதியின் தலையில் கட்டுவதுதான் கேவலம். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 435 சதுர அடி. அதை அளந்து பாத்தி பிரித்தால் கணக்குப் பாடம். விதை முளைப்பதைப் பார்த்தால் விஞ்ஞானப் பாடம். விதைத்த ஒரு மாதத்தில் சிறுகீரை மதியச் சோற்றோடு தட்டில் விழுந்தால் அது வயிற்றுக்கும் பாடம்!

ஆகவே தோட்டம் பாடமா, வெட்டி வேலையா என்பதே பிரச்னை. கண்டுபிடிப்பது எளிது. நான்கு கேள்விகள் கேளுங்கள்.

வெட்டுவது யார்? சேரிப் பிள்ளைகள் களை பறிக்க, மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அது குலக்கல்வியேதான். பாட அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். ஆணும் பெண்ணும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் முறை வைத்து இறங்கட்டும். நிலம் கொத்துவதும் வேலி கட்டுவதும் பெரியவர்கள் வேலை. அதற்குக் கூலி கொடுக்கட்டும்.

விளைந்தது எங்கே போகிறது? பிள்ளைகளின் தட்டுக்கா, பெரிய மனிதர்கள் வீட்டுப் பைக்கா? பறித்த எடையை அன்றன்றே கரும்பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.

சர்க்கார் பணம் குறைகிறதா? “தோட்டந்தான் இருக்கிறதே, காய்கறிக்குக் காசு எதற்கு?” என்று நாளை எந்த அதிகாரியும் கேட்கக்கூடாது. ஐந்து சென்ட் நிலம் நூறு பிள்ளைகளுக்குத் தினமும் காய் கொடுத்துவிடாது. தோட்டத்துக் கீரை சத்துணவோடு கூடுதலாகச் சேர வேண்டும். ஒதுக்கீட்டில் கழிக்கக் கூடாது.

மே மாதம் தண்ணீர் ஊற்றுவது யார்? ஆடியில் அதிகாரி வந்து விதை போட்டுப் படம் பிடித்துக்கொள்வார். கோடை விடுமுறையில் பள்ளி பூட்டிக் கிடக்கும். பாத்தி காய்ந்து சருகாகும். காலமுறை ஊதியம் கேட்டு ஆண்டாண்டாய்ப் போராடிவரும் சத்துணவு ஊழியர் தலையில் இந்தச் சுமையையும் ஏற்றுவதா? கூடாது! கூலி கொடுத்து ஆள் வையுங்கள். குழாயும் வேலியும் போட்டுக் கொடுங்கள். இது முடியாதென்றால் விதை போட்டுப் படம் பிடிக்கும் கூத்தும் வேண்டாம்!

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், அதாவது நீங்கள்! ஆனால் நடவுக்கும் ஷிப்டுக்கும் போன நேரத்தில் கூட்டம் போட்டு, கையெழுத்தை மட்டும் வீட்டுக்கு வந்து வாங்கிப் போனால் அது என்ன குழு? மாலையில் கூட்டம் போடு, எல்லோரும் வருகிறோம் என்று சொல்லுங்கள்.

ஆலைத் தொழிலாளர்களே! விவசாயத் தொழிலாளர்களே! நெல்லையும் நூலையும் நாட்டுக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். உங்கள் பிள்ளை பள்ளித் தோட்டத்தில் இறங்கட்டும், மாணவனாக. கூலியில்லாத ஆளாக அல்ல! அடுத்த கூட்டத்துக்குத் திரண்டு செல்லுங்கள். நான்கு கேள்விகளையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்!