மேல்மாடியும் கீழ்வீடும்

வெள்ளவத்தையில் நிலம் சுருங்கச் சுருங்க வீடுகள் மேல்நோக்கி வளர்ந்துவிட்டன. கீழ்வீட்டிற் பெற்றோரும் மேல்மாடியில் மகன் குடும்பமுமாக வாழும் இல்லங்கள் பல. கீழே இணைய இணைப்போடு வந்த ரவுட்டர் ஒன்று. அதன் அலை மாடிக்கு எட்டாமையால் மேலே வாங்கி வைத்தது இன்னொன்று. இரண்டையும் ஒரு கேபிள் இணைக்கிறது. இரு தளங்களிலும் இணையம் தடையின்றி வருகிறது. ஆயினும், மகனுடைய கணினியிற் சேமித்த காணி உறுதியின் படியைக் கீழேயிருந்து தகப்பனார் திறக்க முயன்றால், அக்கணினி தென்படுவதேயில்லை. ஒரே கூரையின் கீழ் ஏன் இந்தப் பிரிவினை?

இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி எண்களே உண்டு. உலகிலுள்ள கருவிகள் அனைத்திற்கும் அவை போதா. ஆதலின், தனி வலையமைப்புகளுக்குள் மாத்திரம் வழங்குதற்கெனச் சில எண் வரிசைகள் 1990களில் ஒதுக்கப்பட்டன. 192.168 எனத் தொடங்குவது அவற்றுள் ஒன்று. ரவுட்டரானது தன்கீழ் உள்ள கருவிகளுக்கு இவ்வெண்களைப் பங்கிட்டு, வெளியுலகுக்குத் தன் முகம் ஒன்றையே காட்டுகிறது. மாடி ரவுட்டருக்கோ கீழ்வீடும் வெளியுலகமே. எனவே, மேலிருந்து கீழே கேட்டால் மறுமொழி கிடைக்கும். கீழிருந்து மேலே அழைத்தால் வாயிலிலேயே தடுக்கப்படும். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு அது.

இதற்குப் பரிகாரம் எளிது. கீழ் ரவுட்டரின் வரிசையிலே வேறெக்கருவியும் கொள்ளாத எண் ஒன்றை மாடி ரவுட்டருக்குக் கொடுங்கள். முகவரி பங்கிடும் ‘டி.எச்.சி.பி.’ என்னும் பணியை அதில் நிறுத்துங்கள். பின்னர், ‘வான்’ எனக் குறித்த துளையிலுள்ள கேபிளைக் கழற்றி ‘லான்’ துளைகளுள் ஒன்றிற் செருகுங்கள். சில ரவுட்டர்களில் ‘அக்செஸ் பொயின்ட்’ என்னும் தெரிவே இவ்வளவையும் செய்துவிடும். அதன்பின் வீடு முழுவதும் ஒரே வலையமைப்பாகும்.

மாடியில் வாடகைக்குக் குடியிருப்போர் உளராயின் இவ்வாறு இணைத்தல் தகாது. அங்கே பிரிவினையே நன்று. அன்றியும், கோப்புகளைப் பகிரும் வாயிலை வெளி இணையத்துக்கு ஒருபோதும் திறந்துவிடாதீர்கள். 2017 மே மாதத்தில் ‘வன்னாக்ரை’ என்னும் தீநிரல் விண்டோஸ் கணினிகளின் அந்த வாயில் வழியாகவே புகுந்து, பிரித்தானிய மருத்துவமனைகளையும் நிலைகுலையச் செய்தது. அதற்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளிவந்திருந்தது. திருத்தத்தை ஏற்றாதோரே பெரிதும் இடருற்றனர்.

இனி, யாவற்றினும் முக்கியமான ஒன்று. பகிர்தல் வேறு, படியெடுத்தல் வேறு. மாடிக் கணினியிலுள்ள ஒரு கோப்பைக் கீழ்வீட்டிற் பத்துப் பேர் திறந்து பார்த்தாலும் கோப்பு ஒன்றேதான். அக்கணினியின் வட்டு பழுதானால் பத்துப் பேரும் இழப்பர். ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைப்பதன் விலையை நம்மவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பராயின. ஈழத்து நூல்களை மின்வடிவில் திரட்டி எவரும் படிக்க வழங்கும் ‘நூலகம்’ என்னும் முயற்சி 2005 இல் தொடங்கியது. நூலகத்துக்குப் பொருந்தும் நீதி வீட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே, இரு தளங்களும் இணைந்தபின் மாடியிலுள்ள உறுதிகளையும், பிறப்புச் சான்றிதழ்களையும், பாட்டன் பாட்டியின் படங்களையும் கீழ்க் கணினியிலும் ஒரு படி எடுத்து வையுங்கள். ஒரே வெள்ளமோ தீயோ இரு தளங்களையும் சேர்த்தே அழிக்கக்கூடும் ஆதலால், மூன்றாம் படியைத் தனி வட்டிற் பதிந்து கொட்டாஞ்சேனையிலுள்ள உறவினர் வீட்டு அலுமாரியிற் பூட்டி வையுங்கள். அவர்களுடைய வட்டொன்றை நீங்கள் பேணுங்கள். உறவுக்கும் அது நல்லது. உறுதிக்கும் அது நல்லது.