சகிப்பும் மௌனமும்

சுவீடனின் போர்கோல்ம் நகரில் 2003ஆம் ஆண்டு ஆக்கே கிரீன் என்னும் பெந்தெகொஸ்தே போதகர், ஓரினச் சேர்க்கையைச் சமூகத்தின் உடலிற் படர்ந்த புற்றுநோயெனப் பிரசங்கித்தார். 2004இல் கீழ் நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அவரைத் தண்டித்தல் ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்துக்கு முரணாகுமெனக் கருதிய அந்நாட்டு அதியுயர் நீதிமன்றம் 2005இல் அவரை விடுவித்தது.

இத்தீர்ப்புச் சரியானதே. போதனையைச் சிறையிடும் அதிகாரம் அரசிடம் சேருமாயின், நாளை அது சிறுபான்மையோரின் வழிபாட்டையும் தீண்டும். ஆயின் விடுதலை பெற்றவர் போதகர். அவர்தம் கருத்து இன்னும் விசாரணைக்குரியதே. பிரசங்க பீடத்திற் பிறந்த காரணத்தால் எச்சொல்லும் கண்டனத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. மதத்தைப் புண்படுத்தலாகாதெனக் கூறி, இழிவுபடுத்தப்பட்டோருக்காக வாய்திறக்க மறுப்போர் சகிப்புத்தன்மையின் பெயரால் அநீதிக்குத் துணைபோகின்றனர். போதகருக்குப் பேசும் உரிமையை வழங்கிய சமூகத்துக்கு, அவரை மறுத்துரைக்கும் கடமையும் உண்டு.