கூலியும் நியாயமும்

கூலி என்ற சொல் காதில் விழுந்ததுமே நம்மவர் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறார்கள். "கேட்டதையெல்லாம் கொடுத்தால் தொழில் நடக்குமா?" என்பார் ஒரு சாரார், "வயிறு காய்ந்தவன் எப்படி உழைப்பான்?" என்பார் மற்றொரு சாரார். இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. கூலியை நிர்ணயிக்கும் விதி இவ்விரண்டுக்கும் ஒருங்கே விடை கூற வேண்டும்.

இவ்விஷயத்தில் நம் தேசத்துக்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 1918-ஆம் வருஷம் ஆமதாபாத் ஆலைகளில், பிளேக் நோய்க் காலத்தில் கொடுத்து வந்த போனஸை நிறுத்தினார்கள். யுத்தத்தினால் விலைவாசியோ ஏறியிருந்தது. நூற்றுக்கு 20 உயர்த்தித் தருவதாக முதலாளிகள் சொன்னார்கள். மகாத்மா காந்தி நிலைமையை விசாரித்து, நூற்றுக்கு 35 கேட்பதே தகும் என்றார். முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சகோதரி அனசூயா பென்! காந்திஜி உண்ணாவிரதம் பூண்ட பின் இரு தரப்பாரும் மத்தியஸ்தத்துக்கு இசைந்தனர். மத்தியஸ்தரான ஆனந்தசங்கர் துருவா 35-ஐயே உறுதி செய்தார். பலத்தைச் சோதித்துப் பார்ப்பதை விட்டுக் கணக்கை ஆராய்வது என்ற முறை அதில் நிலைபெற்றது.

அம்முறையை 1948-ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் காணலாம். கூலியை ஆராயும் கமிட்டியில் இரு தரப்புப் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும்; நடுநிலையாளர் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. 1957-இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மகாநாடு இதற்கு ஓர் அளவுகோலையும் வகுத்தது: குடும்பத்துக்கு மூன்று பேர் உணவு, ஒவ்வொருவருக்கும் 2,700 கலோரி, வருஷத்துக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, விளக்கு, விறகு. குழந்தைகளின் படிப்பு, வைத்தியம் முதலியவற்றுக்காக நூற்றுக்கு 25 சேர்க்க வேண்டுமென ஸுப்ரீம் கோர்ட்டு 1991-இல் தீர்ப்பளித்தது.

2019-இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21-இல் அமுலுக்கு வந்த கூலித் தொகுப்புச் சட்டம், அட்டவணையில் கண்ட தொழில்களுக்கு மட்டுமின்றி எல்லாத் தொழில்களுக்கும் குறைந்தபட்சக் கூலியை விரித்திருக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் பழைய சட்டத்தின் குறை ஒன்று இதிலும் தொடர்கிறது. கூலியைத் திருத்த ஐந்து வருஷம் வரை தவணை உண்டு. பஞ்சப்படியைத் தனியே வைக்காமல் எல்லாம் அடங்கிய ஒரே தொகையாக நிர்ணயிக்கவும் இடம் உண்டு.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். நாட்கூலி 300 ரூபாய், விலைவாசி வருஷந்தோறும் நூற்றுக்கு 6 ஏறுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஐந்தாம் வருஷ முடிவில் அந்த 300 ரூபாய்க்கு வாங்கக் கூடியது, முன்பு 224 ரூபாய்க்கு வாங்கிய சரக்குத்தான். தொழிலாளியின் வீட்டில் முதலில் பால் குறையும். அப்புறம் பிள்ளையின் படிப்பு நிற்கும். முதலாளிக்காவது இதில் லாபமா? அதுவும் நிலையானதன்று. திருத்தம் வரும் நாளில் அவர் ஒரே மூச்சில் 400 ரூபாய்க்கு மேல் கொடுக்க நேரிடும். பழைய விலைக்கு ஆர்டர் ஒப்புக்கொண்ட சிறு தொழிற்சாலைக்காரர் என் செய்வார்?

ஆகவே, பஞ்சப்படியை விலைவாசிக் குறியீட்டெண்ணுடன் பிணைத்து ஆறு மாதத்துக்கொரு முறை தானாகத் திருத்துவதை எல்லா மாகாணங்களிலும் கட்டாயமாக்க வேண்டும். மத்திய சர்க்காரின் வரம்புக்குட்பட்ட தொழில்களில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் இவ்வாறு திருத்துவது பழகிய முறைதான். சிறு சிறு ஏற்றம் முதலாளியின் கணக்குக்கு அடங்கும். தொழிலாளியின் அடுப்பும் அணையாது. அடிப்படைக் கூலியை மட்டும் கமிட்டி நிதானமாக ஆராயட்டும்.

மற்றொன்றும் அவசியம். சட்டப்படி கொடுப்பவரை, கொடுக்காதவர் விலை குறைத்து விற்று வீழ்த்துவது இன்று சகஜமாயிருக்கிறது. சோதனை அதிகாரி தொழிலாளிக்குக் காவல் என்றே எண்ணுகிறோம்; நாணயமான முதலாளிக்கும் அவரே காவல். போதிய அதிகாரிகளை நியமிக்காமல் சட்டத்தை மட்டும் திருத்துவது, கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்குவது போலாகும். சர்க்கார் இதைச் சிந்திப்பார்களாக.