காவலனையும் சோதிப்போம்

பாலாவி உப்பளங்களில் உவர்நீரின் செறிவைப் பார்த்த பின்னரே அதனை உப்பு விளையும் பாத்திக்குத் திறந்துவிடுவர். கணினி உலகிலும் இத்தகைய முறை உண்டு.

1998இல் ‘ஈதீரியல்’ எனத் தோன்றி, 2006இல் ‘வயர்ஷார்க்’ எனப் பெயர் பெற்ற மென்பொருள், வலையமைப்பிற் செல்லும் தரவுகளைக் கண்காணிப்பது. தீய நோக்குடன் புனைந்த தரவுப்பொதி ஒன்று இக்காவலனையே நிலைகுலையச் செய்தல் கூடும். ஆதலின் அதனை அடிக்கடி திருத்துகின்றனர். அத்திருத்தமே புதுப் பிழையைக் கொணர்தலும் உண்டு.

எனவே, லினக்ஸ் வகைகளுள் ஒன்றான ‘பெடோரா’வில், திருத்திய பதிப்பு முதலிற் சோதனைக் களஞ்சியத்தில் வைக்கப்படும். தொண்டர்கள் அதனை நிறுவி இயக்கிப் பார்த்து, நன்றெனின் +1, பிழையெனின் −1 என்று பதிவர். இதற்குப் பட்டம் வேண்டா. ஒதுக்கி வைத்த ஒரு கணினியும் பொறுமையும் போதும்.

மாணவர்களே! பிறர் உழைப்பை இலவசமாகப் பெறும் நாம், அதனைச் சோதித்துரைக்கும் கடமையையும் ஏற்போமாக.