மேசைக்குப் பின்னால் இன்னும் இருவர்

டேவிட் டியூடரின் நூற்றாண்டு இது. 1926 ஜனவரி 20 அன்று பிலடெல்பியாவில் பிறந்தவர். 1952 ஆகஸ்ட் 29 அன்று உட்ஸ்டாக்கில் ஜான் கேஜின் ‘4 நிமிடம் 33 விநாடி’ முதன்முதலாக மேடையேறியபோது, பியானோ முன் ஒரு சுரமும் வாசிக்காமல் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். நம் வாசகர்களில் பலருக்கும் இவரை அந்த அளவில்தான் தெரியும். அதோடு நிறுத்திக்கொண்டால் இழப்பு நமக்கு. நடனத்துக்கும் நாடகத்துக்கும் ஒலி அமைக்கிற நாம் இன்று தினமும் முட்டிக்கொள்ளும் கேள்விகள் பலவற்றோடு அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார். சிலவற்றுக்கு விடை கண்டார், சிலவற்றை நம் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

டியூடர் இசையமைப்பாளராகத் தொடங்கவில்லை. முதலில் ஆர்கன், பிறகு பியானோ. இசையமைப்பாளர் பூலேயின் இரண்டாவது சொனாட்டாவை 1950இல் அமெரிக்காவில் முதலில் வாசித்தவர். அன்றைய புதிய இசையில் மிகக் கடினமானது என்று பெயரெடுத்த எதையும் அவர் கையில் கொடுக்கலாம் என்ற நிலை இருந்தது. 1953இல் பிளாக் மவுண்டன் கல்லூரியில் மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழு உருவானபோதே கேஜுடன் அவரும் அதில் இருந்தார். ஓர் இத்தாலியத் தொலைக்காட்சி வினாடிவினாவில் காளான்களைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி கேஜ் வென்ற பணம் உதவ, குழுவுக்கு ஒரு ஃபோக்ஸ்வாகன் வண்டி வந்தது. நடனக் கலைஞர்கள், இசைக்காரர்கள், ஒளியமைத்தவர் எல்லோரும் அதில்தான் ஊர் ஊராகப் போனார்கள்.

இந்த வண்டியைக் குறிப்பிடக் காரணம் உண்டு. கன்னிங்ஹாம், கேஜ் கூட்டணியைப் பற்றி நம் வகுப்பறைகளில் சொல்லப்படுவது ஒரே செய்திதான்: நடனமும் இசையும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக உருவாகும், மொத்த நேர அளவு மட்டும் பொது, மேடையில்தான் இரண்டும் சந்திக்கும். அது உண்மைதான். நடனக் கலைஞர்கள் நிறுத்துகடிகாரத்தை வைத்துக்கொண்டு நிசப்தத்தில் ஒத்திகை பார்த்தார்கள். முதல் மேடையேற்றத்தின்போதுதான் இசையைக் கேட்டார்கள் என்பதும் பல படைப்புகளில் நடந்தது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு, “அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொள்வோம், கடைசி நாளில் சேர்த்துக்கொள்ளலாம்” என்று நம் ஊரில் தயாரிப்புகள் கிளம்பும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அவர்களுடைய தனித்தன்மை ஒரே வண்டியில் பல ஆண்டுகள் சேர்ந்து பயணித்தவர்களின் தனித்தன்மை. மற்றவர் என்ன செய்வார் என்று தெரியாது, ஆனால் அவர் யார் என்று நன்றாகத் தெரியும். முன்பின் பழகாத இருவர் ஒரு வாரத்தில் அதையே செய்துபார்த்தால் வெறும் ஒருங்கிணைப்புக் குறைவுதான் மிஞ்சும்.

1965 ஜூலை 23 அன்று நியூயார்க் லிங்கன் சென்டரில் நடந்த ‘வேரியேஷன்ஸ் V’ இந்தக் கூட்டுறவின் உச்சங்களில் ஒன்று. கேஜின் படைப்பு. மேடையில் ராபர்ட் மோக் செய்துகொடுத்த ஐந்தடி உயர ஆண்டெனாக்கள் பன்னிரண்டு. யாராவது அருகில் வந்தால் அவற்றின் மின்புலம் மாறும். பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி க்ளூவர் ஒளி உணர்விகளை அமைத்தார். பின்னால் ஸ்டான் வாண்டர்பீக்கின் படங்கள், நாம் ஜூன் பைக் திரித்த தொலைக்காட்சிப் பிம்பங்கள். கன்னிங்ஹாம் கொண்டுவந்த செடியில் ஒட்டு ஒலிவாங்கி பொருத்தியிருந்தது, இலையைத் தொட்டாலே சத்தம். இறுதியில் அவர் ஆண்டெனாக்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டினார்.

அசைவு இசையை உண்டாக்கும் என்பதுதான் விளம்பர வாசகம். மேடைக்குப் பின்னால் நடந்தது வேறு. உணர்விகள் செய்தது கதவைத் திறந்து மூடும் வேலை மட்டும். அந்தக் கதவுக்கு அப்பால் நாடா இயந்திரங்களையும் சிற்றலை வானொலிகளையும் வைத்துக்கொண்டு, எந்த ஒலி காத்திருக்க வேண்டும், எது எவ்வளவு உரத்து எந்த ஒலிபெருக்கிக்குப் போக வேண்டும் என்று அந்தந்த நொடியில் முடிவெடுத்தவர்கள் கேஜ், டியூடர் உள்ளிட்ட இசைக்காரர்கள். நடனமணியின் கை அசைந்தால் ஒலி வரலாம், வராமலும் போகலாம். இன்று அசைவு உணர்வியையும் மடிக்கணினியையும் இணைத்து, கை தூக்கினால் ஒரு மணியோசை என்று அமைக்கும் இளம் நண்பர்கள் இந்த நிகழ்ச்சியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்ற அந்தப் பொருத்தம் மூன்றாவது நிமிடத்திலேயே பார்வையாளருக்குப் புரிந்துவிடுகிறது, பிறகு சலிக்கிறது. நடுவில் மனித முடிவு ஒன்று இருக்க வேண்டும் என்பதை 1965இலேயே அறிந்திருந்தார்கள். 1972இல் இசைக்காரர் கார்டன் மம்மா, நடனக் கலைஞர்களின் இடுப்புப் பட்டையில் முடுக்கமானியையும் சிறு வானொலி அனுப்பியையும் வைத்து ‘டெலிபோஸ்’ செய்தார். கருவி புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த முடிவுகள் முன்கூட்டியே எழுதிவைத்தவையும் அல்ல. ‘வேரியேஷன்ஸ் V’க்கான குறிப்புகளைக் கேஜ் நிகழ்ச்சிக்குப் பிறகுதான் எழுதினார்.

டியூடர் பியானோவிலிருந்து முழுதாக விலகித் தன் படைப்புகளுக்கு வந்தது இந்த ஆண்டுகளில்தான். 1966 அக்டோபரில் நியூயார்க்கின் 69ஆம் படைப்பிரிவுக் கூடத்தில் நடந்த ‘ஒன்பது மாலைகள்’ தொடரில், பத்துக் கலைஞர்களும் பெல் ஆய்வகத்தின் சுமார் முப்பது பொறியாளர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். அதில் டியூடர் பாண்டோனியன் என்ற துருத்திக் கருவியை வாசித்தார். அதன் ஒலியே விளக்குகளையும் திரைப் பிம்பங்களையும் நகரும் ஒலிபெருக்கி வண்டிகளையும் இயக்கியது. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் பெப்சி அரங்கின் கண்ணாடிக் குவிமாடத்துக்குள் 37 ஒலிபெருக்கிகள் கொண்ட ஒலி அமைப்பு. இரண்டும் பிரமாண்டம், இரண்டையும் திரும்பச் செய்ய வழியில்லை. பணம் கொடுத்த நிறுவனத்துக்கும் கலைஞர்களுக்கும் ஒசாகாவில் மனக்கசப்பு வந்து, கண்காட்சி முடியும் முன்பே கலைஞர்கள் வெளியேற நேர்ந்தது.

நம் கவனத்துக்கு உரியது சின்னதாகத் தொடங்கிய ‘ரெயின்ஃபாரெஸ்ட்’. 1968 மார்ச் 9 அன்று பஃபலோவில் கன்னிங்ஹாமின் அதே பெயர் கொண்ட நடனத்துக்காகச் செய்தது. மேடையில் ஆண்டி வார்ஹோலின் ஹீலியம் நிரப்பிய வெள்ளித் தலையணைகள் மிதந்தன. உடைகளைக் கத்தியால் அங்கங்கே கீறிக்கொடுத்தவர் ஜாஸ்பர் ஜான்ஸ். டியூடரின் மேசையில் சிறு பொருள்கள் சில, அவற்றில் ஒலிமாற்றிகள் பொருத்தியிருந்தன. மின்னலைவு பொருளுக்குள் போகும், பொருள் தன் உடம்பின் அதிர்வுக்கு ஏற்ற சுரங்களை மட்டும் உரக்கச் சொல்லும், மற்றவற்றை விழுங்கிவிடும். வெளிவருவதை ஒட்டு ஒலிவாங்கி பிடித்து அரங்க ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும். வழக்கமாக ஒலிபெருக்கி என்பது வந்ததை மாற்றாமல் சொல்ல வேண்டிய கடைசிக் கண்ணி. டியூடர் அதையே இசைக்கருவியாக்கினார். குடத்தில் வாய் வைத்துப் பேசினால் குடம் தன் குரலில் பதில் சொல்லுமே, அதுதான் தத்துவம்.

இதற்கு வழக்கமான இசைக்குறிப்பு கிடையாது. இணைப்பு வரைபடங்கள் உண்டு, அவையும் அவருக்கே வெளிச்சம் என்ற பாணியில் இருக்கும். கருவிகளில் பல அவரே செய்தவை அல்லது நண்பர்கள் செய்துகொடுத்தவை. மூடிய பெட்டிகள், பெயர்ச்சீட்டு இல்லாத குமிழ்கள். ரகசியம் காக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. அவருடைய தாள்கள் இன்று கெட்டி ஆய்வு நிறுவனத்திலும் கருவிகள் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. இரண்டையும் ஒப்பிட்டு, எந்தப் பெட்டி எதற்கு என்று புலனாய்வு போல் கண்டுபிடித்து யூ நகாய் 2021இல் ஒரு தடித்த நூல் எழுத வேண்டியிருந்தது. ஓர் இசையமைப்பாளரின் வேலை முறையை அறிய அவ்வளவு பாடு.

அப்படியிருந்தும் ‘ரெயின்ஃபாரெஸ்ட்’ பிழைத்தது. 1973இல் நியூ ஹாம்ப்ஷயரின் சொகோருவா என்ற ஊரில் நடந்த பயிலரங்கில் டியூடர் அதை இளைஞர்களிடம் கொடுத்தார். ஆளுக்கொரு பொருளைத் தேடிக்கொண்டு வாருங்கள், அதன் அதிர்வைக் கேளுங்கள், அதற்குப் பொருந்தும் ஒலியைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் வேலை. பீப்பாய், கட்டில் ஸ்பிரிங், வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை எல்லாம் ஒரு களஞ்சியத்தில் கயிற்றில் தொங்கின. பார்வையாளர்கள் நடுவே நடந்தார்கள், சிலர் பொருளில் காது வைத்துக் கேட்டார்கள். ஜான் டிரிஸ்கால், ஃபில் எடல்ஸ்டீன், பின்னாளில் காணொளிக் கலையில் பெரும்பெயர் பெற்ற பில் வயோலா ஆகியோர் அங்கே இருந்தவர்கள். அந்த இளைஞர்கள் ‘கம்போஸர்ஸ் இன்சைட் எலக்ட்ரானிக்ஸ்’ என்ற குழுவானார்கள். டியூடர் 1996 ஆகஸ்டில் இறந்தார். அந்தக் குழு வேலையைத் தொடர்ந்தது. தானே இயங்கும் வடிவம் ஒன்றையும் உருவாக்கியது. 2019இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் புதுப்பித்துத் திறந்தபோது அது அங்கே ஒலித்தது.

இதற்கு நேர் எதிரான கதை நம் நாட்டில் நடந்தது. கீதா சாராபாய் 1946இல் நியூயார்க் போய்க் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்து, அவரிடம் மேற்கத்திய இசையைக் கற்றார். அந்த உறவின் தொடர்ச்சியாகக் கன்னிங்ஹாம் குழு 1964 உலகப் பயணத்தில் அகமதாபாத் வந்தது. 1969இல் டியூடர் அங்குள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மோக் சிந்தசைசரோடு மின்னணு இசைக்கூடம் அமைத்துக்கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, மாணவராக இருந்த ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். உலகின் பல பெரிய நகரங்களில் அப்படியொரு கூடம் இல்லாத காலம் அது. சில ஆண்டுகளில் அந்த முயற்சி அடங்கிவிட்டது. நாடாக்கள் கழகத்தின் காப்பகத்தில் கிடந்தன. பால் பர்கஸ் என்பவர் அவற்றைக் கண்டெடுத்து, 1969 முதல் 1972 வரையிலான பதிவுகளின் தொகுப்பு 2023இல் வெளியானபோதுதான் அப்படியொன்று நடந்தது என்பதே நம்மில் பலருக்குத் தெரிந்தது. கேட்டுப்பாருங்கள், கற்றுக்குட்டி வேலை அல்ல அது.

அகமதாபாத்தில் இயந்திரம் இருந்தது, திறமை இருந்தது, ஒலிநாடாக்கள் பத்திரமாகவே இருந்தன. சொகோருவாவில் தேடிப்பிடித்த பழம்பொருள்களும் கைவேலை மின்சுற்றுகளும்தான். ஆனால் அங்கே சேர்ந்து வாசிக்கும் பழக்கம் ஒன்று இளைஞர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது. அகமதாபாத்துக்கு அது வாய்க்கவில்லை. அங்கே மின்னணு இசை தனித்தனி ஆட்களின் சோதனையாக நாடாவில் முடிந்தது. மேடைக்குப் போய், தவறி, அடுத்த நாள் சரிசெய்து, பக்கத்தில் நிற்கும் இளையவருக்குக் கைமாறும் வாய்ப்பு அதற்கு வரவில்லை என்பது என் கணிப்பு. ஒரு கூட்டுப் படைப்பைக் காப்பது கோப்போ கருவியோ அல்ல, அதை இயக்கத் தெரிந்த இரண்டாவது மூன்றாவது ஆள் என்று நான் நினைப்பது இந்த இரு ஊர்களையும் வைத்துத்தான்.

ஆவணம் தேவையில்லை என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். கன்னிங்ஹாம் 2009இல் மறைந்தார். முன்பே வகுத்த திட்டப்படி குழு 2011 டிசம்பர் 31 அன்று கடைசியாக ஆடிவிட்டுக் கலைந்தது. அவரது அறக்கட்டளை பல நடனங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் காணொளி, ஒலிப்பதிவு, ஒளியமைப்புத் திட்டம், உடை வரைவு, தயாரிப்புக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே மின்தொகுப்பாக வைத்திருக்கிறது. அதில் பாதி செய்தாலே நம் மேடைகளுக்குப் பெரிய காரியம். ஆனாலும் அந்தத் தொகுப்பை வாங்கும் குழுவுக்கு, பழைய குழுவில் ஆடிய ஒருவர் வந்து கற்றுக்கொடுத்தால்தான் ஆட்டம் நிற்கிறது.

கூத்தில் மத்தளமும் முகவீணையும் கற்றவர்களுக்கு இது புதிய பாடமே அல்ல. ஆட்டக்காரருக்குப் பின்னால் இரவெல்லாம் உட்கார்ந்துதான் கற்றார்கள். கணினி வந்ததும் நாம்தான் அதை மறந்தோம். இன்று நடனத்துக்கோ பல்லூடக நாடகத்துக்கோ ஒலி அமைப்பவர் பெரும்பாலும் தனி ஆள். அவருடைய மடிக்கணினியில் எல்லாம் இருக்கிறது, கடவுச்சொல் உட்பட. அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய காட்சி பதிவு செய்த ஒலியோடு நடக்கும், அவர் ஊர் மாறினால் அந்தத் தயாரிப்பே முடிந்தது. மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்தால் பழைய கோப்பு திறக்காது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தொழில்முறை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தயாரிப்புக்கு ஒப்பந்தம் பேசும்போது உங்கள் கூலியோடு, ஒலி மேசையில் உங்களுடன் உட்காரும் இளையவர் இருவருக்கான கூலியையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் ஒத்திகையிலிருந்தே அவர்கள் இருக்க வேண்டும். ஒரு காட்சியாவது நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்வையாளர் இருக்கையில் இருக்க, அவர்கள் இயக்க வேண்டும். இணைப்பு வரைபடத்தை நீங்கள் வரையாதீர்கள், அவர்களை வரையச் சொல்லுங்கள், எது அவர்களுக்குப் புரியவில்லை என்று அப்போதுதான் தெரியும். தயாரிப்பாளர் மறுத்தால், குறிப்பேட்டில் அந்த மறுப்பையும் எழுதிவையுங்கள். அப்படி வரைந்த படங்களையும் ஒத்திகைக் குறிப்புகளையும் இந்த இதழுக்கு அனுப்புங்கள். பிழைகளோடு இருந்தாலும் வெளியிடுகிறோம்.