ஒற்றையடிப்பாதை யாருடைய கண்டுபிடிப்பு?

மணாலியைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் சைக்கிள் ஓட்டச் செல்வோரின் குறிப்புகளிலும் காணொளிகளிலும் ஒரு சொல் தவறாமல் வருகிறது: ‘கண்டுபிடித்தோம்’. புதிய தடம் ஒன்று கண்டறியப்பட்டதாக அறிவிப்பு வெளியாகிறது. ஜிபிஎஸ் கோடு பதிவேற்றப்படுகிறது. அதற்கு ஆங்கிலத்தில் துள்ளலான பெயர் ஒன்று சூட்டப்படுகிறது. அந்தக் கோட்டின் மேல்முனையில் ஒரு மேய்ச்சல் வெளி இருக்கிறது. கீழ்முனையில் ஓர் ஊர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அந்தப் பாதை எப்படி வந்தது என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை.

மலையில் பாதை தானாக முளைப்பதில்லை. குலு பள்ளத்தாக்கின் பழைய தலைநகரம் ஜகத்சுக். பின்னர் அது நக்கருக்கும், பதினேழாம் நூற்றாண்டில் சுல்தான்பூருக்கும் மாறியது. இந்த ஊர்களையும் இவற்றுக்கு மேலே சரிவுகளில் தொங்கும் சிற்றூர்களையும் நெடுங்காலம் இணைத்தவை கால்தடங்களே. ஹம்தா கணவாய் வழியாக லாஹௌலுக்கும், சந்திரகனி கணவாய் வழியாக மலாணாவுக்கும் மக்களும் மந்தைகளும் நடந்தே சென்றனர். ஜம்லு தேவர் கூடையில் சுமந்துவந்த தெய்வங்கள் சந்திரகனியில் காற்றில் சிதறிப் பள்ளத்தாக்கெங்கும் குடியேறின என்பது அந்த மண்ணின் தொன்மம். தெய்வங்களே நடந்து குடியேறியதாகச் சொல்லப்படும் நிலத்தை ‘ஆளரவமற்ற காடு’ என்று விளம்பரப்படுத்துவதற்கு, அறியாமை ஒன்றைத் தவிர வேறு தகுதி தேவைப்படாது.

இந்த அறியாமைக்கு மொழியியல் சார்ந்த ஒரு முன்வரலாறும் உண்டு. கிரியர்சனின் இந்திய மொழி ஆய்வு, 1916இல் வெளியான பஹாடி மொழிகள் பற்றிய தொகுதியில் குலுவிக்கு உரிய இடத்தைத் தந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ அதே குலுவியை இந்தி என்னும் தலைப்பின் கீழ் வரும் தாய்மொழிகளுள் ஒன்றாக அடக்கிவிட்டது. மொழி முதலில் பட்டியலுக்குள் கரைந்தது. இப்போது அந்த மொழியில் அமைந்த இடப்பெயர்கள் செயலியின் வரைபடத்திலிருந்து கரைகின்றன. ஓர் இடப்பெயரில் ஊற்று, பாறை, மேய்ச்சல், தெய்வம், எல்லைத் தகராறு என ஏதோ ஒரு நினைவு உறைந்திருக்கும். அதனை அகற்றிவிட்டுச் சூட்டப்படும் பெயரில், வார இறுதியில் வந்து போனவரின் உற்சாகம் மட்டுமே மிஞ்சுகிறது. பெயரை மாற்றுபவர் பாதையின் உரிமையாளரையும் சேர்த்தே மாற்றுகிறார். தமிழ் இத்தகைய வழியை ‘ஒற்றையடிப்பாதை’ என்கிறது. அந்தச் சொல்லில் அளவுகோல் மனிதக் கால். சைக்கிளோட்டிகள் வழங்கும் ‘சிங்கிள் ட்ராக்’ என்னும் சொல்லிலோ அளவுகோல் சக்கரத்தின் தடத்திற்கு நகர்ந்துவிடுகிறது.

சைக்கிள் மண்ணை அழிக்கிறது, ஆகவே தடைசெய்ய வேண்டும் என்று வாதிடுவோர் உள்ளனர். அந்த வாதம் வலுவற்றது. அமெரிக்காவின் மொன்டானா மலைப்பாதைகளில் நிகழ்த்தப்பெற்று 1994இல் வெளியான ஆய்வொன்று, சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்புகளும் மனிதக் கால்களுமே மண்ணை அதிகம் பெயர்க்கின்றன என்று காட்டியது. நான்குவழிச் சாலைக்காகவும் நீர்மின் திட்டங்களுக்காகவும் மலையையே குடையும் ஒரு பள்ளத்தாக்கில், சைக்கிளைச் சூழலின் முதல் எதிரியாக நிறுத்துவது நகைப்புக்குரியது. ஆனால் இந்த ஆய்வைக் கேடயமாக ஏந்துவோர் ஒன்றை மறைக்கின்றனர். சைக்கிளுக்கென்று பாதை அமைப்போரின் பன்னாட்டு நெறிப்படி, பாதையின் சாய்வு அது செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மழைநீர் பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். ஊருக்கும் மேய்ச்சலுக்கும் இடையே குறுக்காகச் செல்லும் பழைய வழிகள் பல இடங்களில் இந்த நெறிக்குள் அடங்குவதில்லை. அவை ஏறி இறங்கும் கால்களுக்காக உருவானவை. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை அழுத்திச் சறுக்கும் சக்கரம் இடும் பள்ளத்தை அடுத்த மழை ஆழப்படுத்துகிறது. அதைக் கல் அடுக்கிச் சரிசெய்ய வேண்டிய வேலை, பதிவேற்றியவரின் தலையில் விழுவதில்லை.

எனினும் சிக்கலின் மையம் மண்ணில் இல்லை, காலத்தில் இருக்கிறது. மழை ஓய்ந்து வானம் தெளியும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களே சைக்கிளோட்டத்திற்கு உகந்த பருவம் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. அதே வாரங்களில்தான் பனிக்காலத் தீவனத்துக்காக மேட்டுச் சரிவுகளில் புல் அறுக்கப்படுகிறது. உயர் மேய்ச்சல் நிலங்களிலிருந்து ஆட்டு மந்தைகள் கீழிறங்குகின்றன. குலு தசராவுக்காக ஊர்த் தெய்வங்கள் பல்லக்கிலேறி தால்பூர் திடலை நோக்கிப் புறப்படுகின்றன. ஆண்டிலேயே அந்தப் பாதைகளுக்கு வேலை மிகுந்த நாட்கள் இவை. முதுகில் ‘கில்டா’ என்னும் கூம்புக்கூடை நிறையப் புல்லையோ விறகையோ சுமந்து, முகத்தைத் தரைக்குத் தாழ்த்தி ஏறிவரும் ஒரு பெண்ணால், வளைவில் திடீரெனத் தோன்றும் சைக்கிளுக்கு ஒதுங்கி நிற்க முடியாது. ஒரு பக்கம் சுவராக மலை, மறுபக்கம் பள்ளம். ஓட்டுபவரின் தலைக்கவசத்திலுள்ள கேமராவில் அவர் அரை நொடி தோன்றி மறைகிறார். அந்த அரை நொடிக்குச் சாகசம் என்று பெயர். அதே அரை நொடி அந்தப் பெண்ணுக்கு என்னவாக இருந்தது என்று அந்தக் காணொளியில் எவரும் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மக்களுக்குச் சலுகை காட்டுவதற்காக இயற்றப்பட்டதன்று. ஆயினும் ஒதுக்குக் காட்டிலுள்ள ஒரு வழியை அடைப்பதாக இருந்தால் தகுந்த மாற்றுவழி இருக்க வேண்டும் என்று அதன் 25ஆம் பிரிவு நிபந்தனை விதிக்கிறது. காலனிய அரசே வழியை ஓர் உரிமையாக ஒப்புக்கொண்டது என்பது இதன் பொருள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒருபடி மேலே சென்று, நாடோடி மேய்ச்சல் சமூகங்களின் பருவகால நுழைவுரிமையையும், ஊர்க்காட்டைக் காத்து நிர்வகிக்கும் சமூக உரிமையையும் அங்கீகரிக்கிறது. கிராம சபைக்கு அதிகாரமும் தருகிறது. வழியை அடைக்கவே இத்தனை கட்டுப்பாடு இருக்கையில், அதன் பயன்பாட்டையே மாற்றி ஊரறியாமல் உலகுக்குத் திறந்துவிட ஒரு பதிவேற்றம் போதும் என்பது எந்த அறத்தில் சேரும்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றுண்டு. சாலை வந்தபின் ஊரார் பழைய பாதைகளைக் கைவிட்டுவிட்டனர். சைக்கிளோட்டிகள் வருவதால்தான் அவை புதர் மண்டாமல் பிழைத்திருக்கின்றன. வழிகாட்டிகளாகவும் ஜீப் ஓட்டுநர்களாகவும் உள்ளூர் இளைஞர்கள் பிழைப்பதும் அதனால்தான் என்கின்றனர். இதில் உண்மை இருக்கிறது. அந்த இளைஞர்களின் வருவாயைப் பறிக்கச் சொல்வோர் மாற்று வருவாயையும் சொல்ல வேண்டும். ஆனால் குறைவாக நடக்கப்படும் பாதை செத்த பாதையாகிவிடாது. 2023 ஜூலையில் பியாஸ் பெருக்கெடுத்துக் குலு–மணாலி நெடுஞ்சாலையின் பகுதிகளை அடித்துச் சென்றது. தார்ச்சாலை அறுபடும் நாளில் மலையில் மிஞ்சுவது கால்தடம்தான். ஆண்டில் பத்து நாள் மட்டுமே தேவைப்பட்டாலும் அந்தப் பத்து நாளுக்காகவே அதனை ஊர் வைத்திருக்கிறது. மேலும், பாதையைப் பிழைக்க வைத்ததாகப் பெருமை கொள்வோர் அதன் பெயரை மட்டும் ஏன் பிழைக்க விடவில்லை?

ஆகவே கோரப்பட வேண்டியவை எளியவை. எந்தப் பாதையும் கிராம சபையின் இசைவின்றி வரைபடத்தில் ஏறக்கூடாது. ஏறினால் ஊர் வழங்கும் பெயரோடு ஏற வேண்டும். புல்லறுப்பு, மந்தை இறக்கம், தெய்வ ஊர்வலம் ஆகியவற்றுக்குரிய நாட்களை ஊரே குறித்துத் தர வேண்டும். அந்நாட்களில் சக்கரம் நிற்க வேண்டும். சுற்றுலாவிலிருந்து வரும் வருவாயில் ஒரு பங்கு, கல் அடுக்குவோரின் கூலியாக ஊருக்குத் திரும்ப வேண்டும். பாதையில் முதல் உரிமை சுமையோடு ஏறுபவருக்கு. இறங்குபவர் இறங்கி நிற்க வேண்டும்.

இவற்றில் எதுவும் சைக்கிளுக்கு எதிரானதன்று. 2022இல் லே நகரில் மலைச் சைக்கிள் உலகக் கோப்பைப் போட்டியை நடத்திய நாட்டுக்கு இந்த விளையாட்டு புதிதுமன்று. இமயமலையில் சக்கரம் உருளட்டும். யார் செதுக்கிய வழியில் உருள்கிறது என்பதை அறிந்து உருளட்டும். பிறர் வீட்டு முற்றத்தில் நடப்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வதில்லை. வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறார்.