வைக்கோலுக்கு யூரியா

வரப்பில் நின்றுகொண்டு பக்கத்து வயல்காரர் எனக்குப் பாடம் நடத்துகிறார்: "பயிரு வெளுத்துக் கிடக்கேண்ணே, இன்னும் ஒரு மூட்டை யூரியா வீசுங்க. கருகருன்னு எந்திரிக்கும் பாருங்க!" எந்திரிக்கும், யார் இல்லை என்றது? எழுந்த வேகத்தில் படுத்தும்விடும். நான் நட்டிருப்பது வெள்ளைப் பொன்னி ஐயா!

'கரும்பச்சை என்றால் கனத்த மகசூல்' என்ற இந்த மூடநம்பிக்கைக்கு நம்மூரில் கோயில் கட்டாததுதான் பாக்கி. டெல்டாவின் குறுகிய கால ரகங்களுக்கு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். வெள்ளைப் பொன்னிக்கு 75தான். சரிபாதி! யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். கணக்குப் போட்டால், பயிர்க்காலம் முழுவதற்கும் ஏக்கருக்கு 45 கிலோ மூட்டையில் ஒன்றரை. அடியுரமாக டி.ஏ.பி. போட்டவருக்கு அதிலும் மிச்சம். நம்மவர்களோ இரண்டாம் களைக்கு முன்பே அதைத் தாண்டிவிடுகிறார்கள்.

"பஞ்சாபில் கொட்டுகிறார்களே?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தப் பஞ்சாபின் வேளாண் பல்கலைக்கழகமே நெல்லுக்கு ஏக்கருக்கு 90 கிலோ யூரியா, அதாவது இரண்டே மூட்டை என்கிறது. பாசுமதிக்கு அதைவிடக் குறைவு. மண் வேறு, ரகம் வேறு, வெயில் வேறு. மணல்சாரியில் போட்ட தழைச்சத்து நீரோடு கீழே இறங்கிவிடும். தேங்கிய தண்ணீரில் வீசியது அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். போடுவதில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வதில்லை. ஊருக்கெல்லாம் ஒரே அளவு என்பவர் தன் சட்டையைப் பேரனுக்கும் போட்டுப் பார்க்கட்டும்.

மிஞ்சிய பச்சையை யார் தின்கிறார்கள்? இலைச்சுருட்டுப்புழு. தூரடியில் புகையான். கழுத்தில் குலைநோய். உடனே அதே உரக்கடைக்கு மருந்து வாங்க ஓட்டம். அங்கேதான் யூரியா கேட்டபோதே 'இதையும் வாங்கினால்தான் மூட்டை' என்று ஏதோ ஒரு புட்டியைத் தலையில் கட்டியிருப்பார்கள். பயிர் பச்சையோ இல்லையோ, கல்லாப்பெட்டி பச்சை.

அரசாங்கமாவது சும்மா இருக்கிறதா? 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் கொண்டுவந்தபோது யூரியாவை மட்டும் விட்டுவிட்டார்கள். மூட்டை 266 ரூபாய் 50 காசு. டி.ஏ.பி.யோ 1,350. மலிவாய்க் கிடைப்பதைத்தானே கை அள்ளும்? எதிர்முனையில் இன்னொரு கூட்டம், ரசாயனமே விஷம் என்கிறது. 2021இல் இலங்கை அதையும் செய்து பார்த்தது. ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்திவிட்டு, அந்த ஆண்டு முடியும் முன்பே பின்வாங்கியது.

இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, உடம்பின் நிழலில் அட்டையைப் பிடித்து, முழுதாய் விரிந்த மேல் இலை பத்தை ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு அட்டையின் 3ஆம் எண் நிறம், மற்ற ரகங்களுக்கு 4. நிறம் அதற்குக் கீழே இறங்கினால் மேலுரம். இறங்காவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பத்து நிமிட வேலை. அதற்கு நேரமில்லையாம், மூட்டை வீச மட்டும் ஆள் கிடைக்கிறதாம்.

பொன்னி சாய்ந்த வயலில் செயின் வைத்த அறுவடை மிஷின்தான் இறங்கும். வாடகை கூடுதல், நேரமும் கூடுதல். தரையில் கிடந்து நனைந்த நெல்லை அள்ளிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனால், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று ஓரமாய்க் கொட்டச் சொல்வார்கள். அப்போது அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், உங்கள் பயிர் எவ்வளவு பச்சையாய் நின்றது என்று!